கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தால் அவுட்லுக் மெயில்கள் என்ன ஆகும்? பேக்கப் எடுப்பது எப்படி? - முழு விவரம்

தென்காசியில் ஆடிட்டர் அலுவலகம், செங்கோட்டையில் மர அறுவை மில், குற்றாலத்தில் லாட்ஜ், புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. தொழில் எதுவாக இருந்தாலும், பல அலுவலகங்களின் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருக்கும். காலையில் வந்ததும் அதில் அவுட்லுக்கையோ தண்டர்பேர்டையோ திறந்து வைத்துவிடுவார்கள். பத்து வருடத்து பில், கொட்டேஷன், புக்கிங், வாடிக்கையாளரோடு நடந்த வாக்குவாதம் எல்லாம் அதற்குள்தான் இருக்கும்.

'மெயில்தானே, அது ஆன்லைன்ல பத்திரமா இருக்கும்' என்பதுதான் பொதுவான நம்பிக்கை. பல நேரங்களில் அது உண்மை. சில நேரங்களில் அந்த மெயில்களுக்கு உலகத்திலேயே ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். அது அந்தப் பழைய டெஸ்க்டாப்பின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கும்.

இதை இப்போது ஏன் பேச வேண்டும்? 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதே நாளில் ஆஃபீஸ் 2016, ஆஃபீஸ் 2019 ஆகியவற்றுக்கான ஆதரவும் முடிந்தது. அதனால் பழைய கம்ப்யூட்டரை மாற்றுவதும், ஃபார்மேட் அடித்து புது விண்டோஸ் போடுவதும் ஊர் ஊராக நடக்கிறது. மெயில்கள் தொலைவது பெரும்பாலும் இந்த மாதிரி நேரத்தில்தான்.

உங்கள் மெயில் எங்கே இருக்கிறது? போனிலேயே பார்த்துவிடலாம்

இதற்கு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டியதுகூட இல்லை. கையில் இருக்கும் போனில் பிரவுசரைத் திறந்து, அலுவலக மெயிலின் இணையப் பக்கத்துக்குள் லாகின் செய்யுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தது என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு மெயிலைத் தேடுங்கள். கிடைத்தால் நல்லது, சர்வரில் பிரதி இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்து மெயில்கள் மட்டும் தெரிந்து, அதற்கு முந்தையது எதுவுமே இல்லையென்றால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

அது என்ன இரண்டு வாரக் கணக்கு? கம்ப்யூட்டரில் உள்ள மெயில் புரோகிராம்கள் சர்வரோடு பேசுவதற்குப் பரவலான வழிகள் இரண்டு. ஒன்று பாப், இன்னொன்று ஐமேப்.

பாப் என்பது தபால் பெட்டி மாதிரி. புரோகிராம் போய்ப் பெட்டியைத் திறந்து, கடிதங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடும். பெட்டியில் ஒரு நகலை விட்டுவைக்கச் சொல்லலாம். ஆனால் அவுட்லுக்கிலும் சரி தண்டர்பேர்டிலும் சரி, பாப் கணக்கைச் சேர்க்கும்போது தானாகவே அமைந்திருக்கும் செட்டிங், '14 நாட்களுக்குப் பிறகு சர்வரிலிருந்து நீக்கிவிடு' என்பதுதான். கணக்கைச் சேர்த்துக் கொடுத்தவர் அந்த டிக்கை எடுக்காமல் போயிருந்தால், பதினைந்தாம் நாளிலிருந்து அந்த மெயில் உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான்.

ஜிமெயில் இதில் கொஞ்சம் வேறு ரகம். பாப் வழியாக எடுத்த மெயிலை வைத்துக்கொள்வதா, அழிப்பதா என்பதை ஜிமெயிலின் சொந்த செட்டிங்ஸ் பக்கமே முடிவு செய்கிறது. ஆக சிக்கல் அதிகம் வருவது, லாட்ஜ் பெயரிலோ கம்பெனி பெயரிலோ சொந்த டொமைன் வாங்கி, வெப்சைட் செய்து கொடுத்தவரிடமே மெயிலும் வாங்கியவர்களுக்குத்தான். அந்தக் காலத்து ஹோஸ்டிங் திட்டங்களில் இடம் கொஞ்சம்தான் கிடைக்கும். பெட்டி நிரம்பி மெயில் திரும்பிப் போகக்கூடாது என்பதற்காகவே பாப் போட்டுக் கொடுப்பார்கள். அன்றைக்கு அது சரியான யோசனை. பத்து வருடம் கழித்து அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் பிரச்சினை.

ஐமேப் அப்படியல்ல. கடிதம் பெட்டியிலேயே இருக்கும். நீங்கள் கம்ப்யூட்டரில் பார்ப்பது அதன் பிம்பம். போனில் பார்ப்பதும் அதே பிம்பம்தான். கம்ப்யூட்டர் உடைந்தாலும் மெயில் போகாது.

'அப்போ எனக்கு ஐமேப், கவலை இல்லை' என்று இங்கேயே நிறுத்திவிடாதீர்கள். ஐமேப்பில் ஒரு ஃபோல்டரை அலுவலகக் கம்ப்யூட்டரில் அழித்தால் சர்வரிலும் அழியும், உங்கள் போனிலும் அழியும். பாஸ்வேர்டு வேறு யார் கைக்காவது போய் அவர் எல்லாவற்றையும் அழித்தாலும் அதே கதைதான். ஹோஸ்டிங் ரெனியூவல் தேதி குற்றால சீசன் மும்முரத்தில் மறந்துபோய், சில வாரங்களில் கணக்கையே மூடிவிட்டால் பிம்பத்துக்கு மூலமே இருக்காது. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தெரிவது சிங்க். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னொரு இடத்தில் அழியாமல் இருப்பதுதான் பேக்கப். இரண்டும் வேறு.

கூகுளுக்கே டேப் தேவைப்பட்டது

இதற்கு ஒரு நல்ல உதாரணம் 2011 பிப்ரவரியில் நடந்தது. கூகுள் செய்த ஒரு சாஃப்ட்வேர் அப்டேட்டில் இருந்த பிழையால், ஜிமெயில் பயனாளர்களில் சிலர் காலையில் திறந்து பார்த்தால் இன்பாக்ஸ் காலி. சுமார் 0.02 சதவீதம் பேர்தான் என்று கூகுள் சொன்னது. சதவீதம் சின்னதுதான், ஆனால் காலியானது முழு இன்பாக்ஸ். பல டேட்டா சென்டர்களில் பல பிரதிகள் வைத்திருக்கும் நிறுவனத்துக்கே இது எப்படி நடந்தது? அந்தப் பிழை எல்லாப் பிரதிகளையும் தொட்டுவிட்டது. கடைசியில் கைகொடுத்தவை, இணைய இணைப்பே இல்லாமல் தனியாக வைத்திருந்த காந்த நாடாக்கள். அந்த டேப்புகளிலிருந்துதான் மெயில்களைத் திரும்ப எடுத்தார்கள்.

தமிழில் பேக்கப்புக்கு 'காப்புப்பிரதி' என்று பெயர் வைத்தவர் யாரோ, நல்ல சொல்லாகத்தான் பிடித்திருக்கிறார். ஓலைச்சுவடிக் காலத்திலும் இதே கவலைதான். செல்லரிப்பதற்குள் புது ஓலையில் பெயர்த்து எழுத வேண்டும். உ.வே.சாமிநாதையர் ஒரே நூலுக்குப் பல சுவடிகளைத் தேடி திருநெல்வேலி வரை அலைந்ததும், ஒரு பிரதியை மட்டும் நம்ப முடியாது என்பதால்தான்.

மத்தளம்பாறையும் மெயிலும்

தென்காசி பக்கம் மெயில் என்றாலே இப்போது பேச்சு ஜோஹோ பக்கம் போய்விடுகிறது. தென்காசி அருகே மத்தளம்பாறையில் அந்த நிறுவனத்தின் அலுவலகம் 2011 முதல் இயங்குகிறது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு 2019-ல் அமெரிக்காவிலிருந்து திரும்பி அங்கேயே குடியேறினார். மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல்கள் ஜோஹோவின் தளத்துக்கு மாற்றப்பட்டிருக்கின்றன. 2025 அக்டோபர் 8-ம் தேதி, உள்துறை அமைச்சர் அமித் ஷா தன் மின்னஞ்சலை ஜோஹோவுக்கு மாற்றிக்கொண்டதாக அறிவித்தார். அதைப் பார்த்து 'நாமும் மாறலாமே' என்று நினைத்தவர்கள் நிறைய.

மாறுவது அவரவர் விருப்பம். ஆனால் எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் ஒரு விஷயம் பொது. 'பழைய மெயில்களை இடம்பெயர்த்துத் தருகிறோம்' என்று சொல்லும் மைக்ரேஷன் வசதி பெரும்பாலும் பழைய சர்வருக்குள் போய் அங்கே இருப்பதைத்தான் எடுத்துவரும். பாப் போட்டு கம்ப்யூட்டருக்கு இறங்கிவிட்ட மெயில்கள் அந்தக் கணக்கில் வரவே வராது. 'எல்லாம் வந்துடுச்சு' என்று நினைத்துப் பழைய கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டால் அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள் புதிய கணக்கை அதே அவுட்லுக்கில் ஐமேப்பாகச் சேர்த்து, பழைய ஃபோல்டர்களில் உள்ள மெயில்களைப் புதிய கணக்குக்குள் காப்பி செய்யலாம். அவை மெதுவாக சர்வருக்கு ஏறும். வேகமில்லாத இணைப்பில் இதற்கு ஒரு இரவு முழுக்கக்கூட ஆகலாம். இன்னொன்று, புதிதாகச் சேரும் சேவையின் இலவசத் திட்டத்தில் ஐமேப் வசதி உண்டா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். எல்லா இலவசத் திட்டங்களிலும் அது கிடைப்பதில்லை.

அவுட்லுக்கில் பேக்கப் எடுப்பது எப்படி?

முதலில் உங்களுடையது பாப்பா ஐமேப்பா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஃபைல் மெனு, அதில் அக்கவுன்ட் செட்டிங்ஸ், உள்ளே மறுபடியும் அக்கவுன்ட் செட்டிங்ஸ். வரும் பெட்டியில் 'டைப்' என்ற தலைப்பின் கீழே பாப், ஐமேப் அல்லது எக்ஸ்சேஞ்ச் என்று எழுதியிருக்கும். பக்கத்திலேயே 'டேட்டா ஃபைல்ஸ்' என்று ஒரு டேப் உண்டு. உங்கள் மெயில் எந்த ஃபோல்டரில், எந்த ஃபைலாக இருக்கிறது என்பதை அது காட்டும். அந்த விலாசத்தை போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உதவும்.

அங்கே தெரியும் ஃபைல் பிஎஸ்டி என்று முடிந்தால், அதுவே உங்கள் மெயில் பெட்டி. அவுட்லுக்கை முழுதாக மூடிவிட்டு அந்த ஃபைலை அப்படியே எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கு காப்பி செய்தால் முக்கால்வாசி வேலை முடிந்தது. திறந்திருக்கும்போது காப்பி செய்ய வேண்டாம், காப்பியே ஆகாது அல்லது பாதியில் நிற்கும். ஃபைல் ஓஎஸ்டி என்று முடிந்தால் அது வெறும் தற்காலிகப் பிம்பம். அதை காப்பி செய்து வேறு கம்ப்யூட்டரில் திறக்க முயன்றால் திறக்காது. 'பேக்கப் எடுத்து வச்சிருக்கேன் சார்' என்று சிலர் பத்திரமாக வைத்திருப்பது இந்த ஓஎஸ்டி ஃபைலாகத்தான் இருக்கும்.

ஐமேப், எக்ஸ்சேஞ்ச் கணக்குகளுக்கு எக்ஸ்போர்ட் செய்வதுதான் வழி. ஃபைல் மெனுவில் 'ஓப்பன் அண்ட் எக்ஸ்போர்ட்', அதில் 'இம்போர்ட்/எக்ஸ்போர்ட்', பிறகு 'எக்ஸ்போர்ட் டு எ ஃபைல்', அடுத்து 'அவுட்லுக் டேட்டா ஃபைல்' என்று தேர்ந்தெடுங்கள். எந்த ஃபோல்டர் என்று கேட்கும்போது இன்பாக்ஸை மட்டும் தொடாமல், பட்டியலின் உச்சியில் இருக்கும் கணக்கின் பெயரையே தேர்ந்தெடுத்து, 'இன்க்லூட் சப்ஃபோல்டர்ஸ்' என்பதில் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். அப்போதுதான் அனுப்பிய மெயில்கள், கான்டாக்ட்ஸ், காலண்டர் எல்லாம் சேர்ந்து வரும். பாஸ்வேர்டு கேட்கும், கட்டாயமில்லை. போட்டால் மறக்காதீர்கள்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச், மைக்ரோசாஃப்ட் 365 கணக்குகளில் 'மெயில் டு கீப் ஆஃப்லைன்' என்று ஒரு அளவுகோல் உண்டு. கம்ப்யூட்டரில் கடந்த ஒரு வருடத்து மெயிலை மட்டும் இறக்கி வை, மீதி சர்வரிலேயே இருக்கட்டும் என்று பலரிடம் அது அமைந்திருக்கும். அப்படியே எக்ஸ்போர்ட் செய்தால் பழைய மெயில்கள் விட்டுப்போகும், அதைப் பற்றி எச்சரிக்கையும் வராது. அளவுகோலை 'ஆல்' என்பதற்கு நகர்த்தி, எல்லாம் இறங்கி முடிந்த பிறகு எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

மேலே சொன்னதெல்லாம் பழைய, 'கிளாசிக்' அவுட்லுக்குக்கு. மைக்ரோசாஃப்ட் இப்போது முன்னால் தள்ளும் 'நியூ அவுட்லுக்'கில் பிஎஸ்டி தொடர்பான வசதிகள் படிப்படியாகத்தான் வருகின்றன. ஆகவே வலது மேல் மூலையில் 'ட்ரை த நியூ அவுட்லுக்' என்று ஒரு பட்டன் இருந்தால், பேக்கப் முடியும் வரை அதைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

தண்டர்பேர்டு வைத்திருப்பவர்களுக்கு

இது எளிது, சொல்லப்போனால் அவுட்லுக்கைவிட நேர்மையானது. தண்டர்பேர்டு தன் மெயில்கள், விலாசப் புத்தகம், செட்டிங்ஸ், சேமித்த பாஸ்வேர்டுகள் எல்லாவற்றையும் 'புரொஃபைல்' என்ற ஒரே ஃபோல்டருக்குள் வைத்திருக்கும். ஹெல்ப் மெனுவில் 'ட்ரபுள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்து, புரொஃபைல் ஃபோல்டருக்கு நேராக இருக்கும் 'ஓப்பன் ஃபோல்டர்' பட்டனை அழுத்தினால் நேராக அங்கே கொண்டுபோகும். தண்டர்பேர்டை மூடிவிட்டு அந்த ஃபோல்டரை முழுதாக காப்பி செய்யுங்கள். டூல்ஸ் மெனுவிலும் எக்ஸ்போர்ட் உண்டு. ஆனால் 2 ஜிபிக்கு மேல் இருக்கும் பெட்டிக்கு அது ஒத்துவராது.

அந்த காப்பிக்குள் பாஸ்வேர்டுகளும் போகின்றன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த டிஸ்க்கை மேஜையில் போட்டுவிட்டுப் போகக்கூடாது.

பென்டிரைவ் ஏன் ஏமாற்றுகிறது?

64 ஜிபி பென்டிரைவில் இடம் நிறைய இருக்கிறது, 6 ஜிபி பிஎஸ்டி ஃபைலை காப்பி செய்தால் 'ஃபைல் ரொம்பப் பெரியது' என்று விண்டோஸ் மறுக்கிறது. பென்டிரைவ் கோளாறு இல்லை. ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் ஆன டிரைவில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் இருக்க முடியாது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்தால் ஏறும். ஃபார்மேட் செய்தால் பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் போகும், சொல்லவே வேண்டாம்.

பேக்கப் வைக்கும் இடம் கம்ப்யூட்டர் இருக்கும் அதே அறையாக இருக்கக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழை யாருக்கும் மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பெய்தது. அந்த மாதிரி வெள்ளத்தில் மேஜைக்கடியில் இருக்கும் சிபியுவும் மூழ்கும், மேஜை டிராயரில் இருக்கும் ஹார்டு டிஸ்க்கும் மூழ்கும். ஒன்று அலுவலகத்தில், ஒன்று வீட்டில் என்று பிரித்து வையுங்கள். முடிந்தால் மூன்றாவதாக ஒன்றை கிளவுடில் ஏற்றுங்கள். காப்பி முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றிவிடுவதும் முக்கியம். ரான்சம்வேர் வந்தால் கம்ப்யூட்டரில் செருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டிவிடும்.

எடுத்த பேக்கப் வேலை செய்கிறதா என்று திறந்து பார்க்காமல் விடாதீர்கள். அவுட்லுக் உள்ள வேறொரு கம்ப்யூட்டரில் அந்த பிஎஸ்டி ஃபைலைத் திறந்து, மிகப் பழைய மெயில் ஒன்று, அட்டாச்மென்ட் உள்ள மெயில் ஒன்று, அனுப்பிய மெயில் ஒன்று என மூன்றைத் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலைதான்.

எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

வியாபாரிகளுக்கு இது வசதி சார்ந்த கேள்வி இல்லை, சட்டம் சார்ந்தது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-வது பிரிவுப்படி கணக்குகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டுக்கான ஆண்டுக் கணக்குத் தாக்கலின் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 நிதியாண்டுக்கான கடைசித் தேதி 2024 டிசம்பர் 31. அப்படியென்றால் அந்த ஆண்டின் பில்கள் 2030 டிசம்பர் 31 வரை கையில் இருக்க வேண்டும். மெயிலில் வந்த பில்லின் பிடிஎஃப் மெயிலில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அந்த மெயிலும் அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

பணம் வராமல் வழக்கு என்று போனால் இன்னும் கவனம் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது ஒரு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஃபைலின் 'ஹேஷ்' மதிப்பையும் குறிப்பிட வேண்டும். அது அந்த ஃபைலின் கைரேகை மாதிரி, ஒரு எழுத்து மாறினாலும் ஹேஷ் மாறிவிடும். மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரின்ட் போட்டு வைப்பது இதற்குப் போதாது. யார் அனுப்பியது, எந்த சர்வர் வழியாக எப்போது வந்தது என்ற தலைப்புத் தகவல்கள் அசல் மெயில் ஃபைலில்தான் இருக்கும். முக்கியமான தகராறு மெயில்களைத் தனியாக இஎம்எல் ஃபைலாகவும் சேமித்து வைப்பது நல்லது. தண்டர்பேர்டில் மெயிலைத் தேர்ந்தெடுத்து 'சேவ் ஆஸ்' கொடுத்தால் போதும்.

ஃபார்மேட் கொடுப்பதற்கு முன்னால்

சர்வீஸ் செய்ய வருபவர் 'டேட்டா எடுத்துட்டேன் சார்' என்று சொன்னால், எங்கிருந்து எடுத்தார் என்று ஒரு கேள்வி கேளுங்கள். வழக்கமாக டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றும், கூடவே டி டிரைவும் எடுப்பார்கள். தண்டர்பேர்டு மெயில்கள் இருப்பது சி டிரைவில் 'ஆப்டேட்டா' என்ற மறைக்கப்பட்ட ஃபோல்டருக்குள். பழைய அவுட்லுக் ஃபைல்கள் சிலவும் அங்கேதான் இருக்கும். சாதாரணமாகத் திறந்தால் கண்ணுக்கே தெரியாது. 'டேட்டா ஃபைல்ஸ்' பக்கத்தை போட்டோ எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான். அதை அவரிடம் காட்டி, அந்த ஃபைல் காப்பி ஆகிவிட்டதா, இரண்டு இடத்திலும் அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஃபார்மேட் அடிக்கச் சொல்லுங்கள். ஒருவேளை பிஎஸ்டி ஃபைல் திறக்க மறுத்தாலும் உடனே அழித்துவிட வேண்டாம். அவுட்லுக்கோடு வரும் 'ஸ்கேன்பிஎஸ்டி' என்ற பழுதுநீக்கும் கருவியை, அந்த ஃபைலின் ஒரு நகலின் மேல் ஓட்டிப் பாருங்கள்.